நுரையும் நுரையீரலும்: கொடைக்கானல் உயரத்தில் ஒரு புரோட்டீன் ஸ்கிம்மர்

வத்தலக்குண்டில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் கொடைக்கானல் வந்து சேரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்கும். மலை ஏறின எல்லோரும் பார்த்திருப்பீங்க. பாக்கெட்டுக்குள்ளே காற்று கூடவில்லை. வெளியே இருந்து அழுத்துகிற காற்று குறைந்துவிட்டது. கடல் மட்டத்தில் சுமார் 1013 மில்லிபாராக இருக்கும் காற்றழுத்தம், 2100 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 785 மில்லிபார்தான். தண்ணீர் இங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக அடம்பிடிப்பதும் இதனால்தான்.

காணாமல் போன அந்த 22 சதவீதக் காற்றைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு நீமோ மீன், ஒரு சின்ன கோபி மீன், கொஞ்சம் நத்தைகள். "கொடைக்கானல் குளிர்ல கடல் மீன் எதுக்குங்க?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. அதற்குப் பதில் வேறு நாள். இன்றைக்கு எடுத்துக்கொண்டது, தொட்டிக்குக் கீழே 'ஸ்...' என்று சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர். அதை எப்படிப் பொருத்துவது, எப்படி ட்யூன் செய்வது என்று இணையத்தில் நிறைய இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் கடல் மட்டத்தில் இருப்பவர்கள் எழுதியவை. இந்த உயரத்தில் அதே கருவிக்கு முக்கியமான வேலையே மாறிவிடுகிறது என்பது என் கணக்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது?

துவரம்பருப்பு கொதிக்கும்போது மேலே நுரை கட்டும்; கரண்டியால் எடுத்துக் கொட்டுவோம். பழனி அடிவாரத்தில் நெய்க்காரப்பட்டிப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். கருப்பஞ்சாறு கொதிக்கக் கொதிக்க அழுக்கு நுரையோடு மேலே வரும். அதை வழித்து எடுத்தால்தான் வெல்லம் நிறமாக வரும். புரோட்டீன் ஸ்கிம்மர் இந்தக் கரண்டி வேலையை 24 மணி நேரமும் தானாகச் செய்யும் ஒரு குழாய். அவ்வளவுதான்.

அழுக்கு ஏன் நுரையோடு ஒட்டிக்கொள்கிறது? புரதம் போன்ற மூலக்கூறுகளுக்கு இரண்டு குணம். ஒரு பகுதி தண்ணீரை விரும்பும், இன்னொரு பகுதி வெறுக்கும். தண்ணீருக்குள் ஒரு காற்றுக் குமிழி வந்தால், வெறுக்கிற பகுதி காற்றுப் பக்கம் தலையை நீட்டிக்கொள்ளும், விரும்புகிற பகுதி தண்ணீரிலேயே இருக்கும். குமிழியின் தோலே அந்த மூலக்கூறுக்குச் சரியான இடம். குமிழி மேலே போனால் அதுவும் கூடவே போகும். மேலே குறுகலான கழுத்தில் குமிழ்கள் நெருக்கியடித்து நுரையாகும். நுரையிலிருந்து தண்ணீர் கீழே வடியும். மிச்சமிருக்கும் அழுக்கு நுரை கோப்பையில் போய் விழும்.

மீன் கழிவும் மிஞ்சின தீனியும் அழுகினால் அம்மோனியா, அப்புறம் நைட்ரைட், நைட்ரேட் என்று வரிசையாக மாறும். வடிகட்டியில் இருக்கும் பாக்டீரியாக்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஸ்கிம்மர் அதற்கு முன்னாலேயே, அழுகுவதற்குள், கொஞ்சத்தைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவிடுகிறது. அதனால்தான் கடல் தொட்டிக்காரர்கள் அதை இவ்வளவு மதிக்கிறார்கள்.

இதில் குமிழியின் அளவுதான் எல்லாம். ஒரு லிட்டர் காற்றை 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழ்களாக உடைத்தால் அவற்றின் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர், ஒரு சின்ன அறையின் தரை அளவு. அதே காற்றை 1 சென்டிமீட்டர் குமிழ்களாக விட்டால் 0.6 சதுர மீட்டர்தான். மணிக்கு 300 லிட்டர் காற்று இழுக்கும் ஸ்கிம்மர் நிமிடத்துக்கு 5 லிட்டர் இழுக்கிறது. 1 மில்லிமீட்டர் குமிழ் என்று வைத்தால் நிமிடத்துக்கு 30 சதுர மீட்டர் புதுப் பரப்பு. என் தொட்டியின் மேல்பரப்பு 0.4 சதுர மீட்டர். இந்த ஒப்பீட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, நல்ல தண்ணீர்த் தொட்டியில் ஏன் யாரும் ஸ்கிம்மர் வைப்பதில்லை? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தண்ணீர் பாட்டில்களில் பாதி பாதி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு போடுங்கள். இரண்டையும் ஒரே வேகத்தில் குலுக்கிவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல தண்ணீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடனே மேலே போய் உடைந்துவிடும். உப்புத் தண்ணீர் கொஞ்ச நேரம் பால் மாதிரி வெளுத்திருக்கும். குட்டிக் குமிழ்கள் ஒன்று சேராமல் மெதுவாக ஏறும். ஆஸ்திரேலியாவில் வின்சென்ட் கிரெய்க், பாரி நினம், ரிச்சர்ட் பாஷ்லி ஆகியோர் 1993-ல் இதை முறையாக அளந்து எழுதினார்கள். சில உப்புகள் குமிழ்கள் ஒன்று சேர்வதைத் தடுக்கின்றன, சில உப்புகள் தடுப்பதே இல்லை. ஏன் என்ற கேள்விக்கு விவாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது இதுதான்: சாதாரண உப்பு தடுக்கிற கட்சி, கடல்நீரில் அது தேவையான அளவுக்கு மேலேயே இருக்கிறது.

கடலும் இந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது. அலை உடையும் இடத்தில் வெள்ளையாக ஒதுங்குவது இதே நுரைதான். 2019 டிசம்பர் தொடக்கத்தில், மழைக்குப் பிறகு சென்னை மெரினா, பட்டினப்பாக்கம் கடற்கரையில் நுரை முழங்கால் உயரத்துக்குக் குவிந்து, குழந்தைகள் அதில் விளையாடுகிற படங்கள் வந்தது ஞாபகம் இருக்கும். வெள்ளத்தோடு கடலுக்குப் போன கழிவுநீரும் சோப்பு நுரையும் அலையில் கடைபட்டு மேலே வந்தது அது. ஒருவகையில் சென்னையின் ஸ்கிம்மர் கோப்பை அன்றைக்கு நிரம்பி வழிந்தது. அந்தக் கோப்பையில் யாரும் கையை விடக்கூடாது என்று அதிகாரிகள் எச்சரித்ததும் அதனால்தான்.

கடல் பக்கத்தில் இல்லாதபோது

எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் சென்னை மெரினாவில் 1909-ல் கடல்மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, கடல் அதன் வாசலிலேயே இருந்தது. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்துக்கும் அப்படித்தான். தண்ணீர் கெட்டால் மாற்றிக்கொள்ள எதிரிலேயே மன்னார் வளைகுடா. கொடைக்கானலில் இருந்து மண்டபம் கடற்கரை 250 கிலோமீட்டருக்கு மேல். இங்கே கடல்நீர் என்றால் கரைத்துச் செய்வதுதான். 200 லிட்டருக்குச் சுமார் 7 கிலோ கடலுப்புக் கலவை. அதை அடிக்கடி கொட்டி மாற்றக் கட்டுப்படியாகாது. மூடிய தொட்டி என்றால் அழுக்கை உள்ளேயே சமாளிக்க வேண்டும்.

இந்தியாவில் இன்னொரு விஷயமும் உண்டு. வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் 'லைவ் ராக்' போடச் சொல்லும். பவளப்பாறையிலிருந்து எடுத்த, பாக்டீரியாக்கள் குடியிருக்கும் கல் அது. இங்கே பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து கல் எடுப்பது குற்றம், விற்பதும் வாங்குவதும் குற்றம். எடுக்கவும் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆகவே செராமிக் வளையங்களும், மாதக்கணக்கில் காத்திருந்து வளர்த்த பாக்டீரியாவும்தான் நமக்கு. வடிகட்டி இப்படி எளிமையாக இருப்பதால், நம்ம ஊர்த் தொட்டியில் ஸ்கிம்மர் மேல் பாரம் கொஞ்சம் அதிகமாக விழுகிறது. மீனும் தொட்டியிலேயே பொரித்து வளர்த்ததாக இருக்கட்டும். நீமோ மீனைக் கடலில் பிடிக்கவே தேவையில்லை, இந்தியாவிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள்.

22 சதவீதம் எப்படிப் பாதியாகிறது

கொடைக்கானலுக்கு உரிய விஷயம் இதுதான்.

தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரையும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: வெப்பம், உப்பு, காற்றழுத்தம். 25 டிகிரியில் இருக்கும் கடல்நீர், கடல் மட்டத்தில், லிட்டருக்கு அதிகபட்சம் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அதே தண்ணீரை 2100 மீட்டருக்குக் கொண்டுவந்தால் அதிகபட்சம் 5.2.

"1.5 மில்லிகிராம்தானே குறைவு" என்று தோன்றும். ஆனால் மீனுக்கு முக்கியம் மொத்தம் இல்லை, கையிருப்பு. 4 மில்லிகிராமுக்குக் கீழே போகவிடக் கூடாது என்று ஒரு கோடு போட்டுக்கொள்வோம். கடல் மட்டத்தில் அந்தக் கோட்டுக்கு மேலே 2.7 இருக்கிறது. இங்கே 1.2. பாதிகூட இல்லை! சம்பளம் 22 சதவீதம் குறைந்து, வாடகையும் மளிகையும் அப்படியே இருந்தால் மாதக் கடைசியில் என்ன மிஞ்சும்? அதே கணக்கு.

இங்கே ஓடைகளில் மீன் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஓடைத் தண்ணீர் குளிர்ந்தது, உப்பில்லாதது. 15 டிகிரி நல்ல தண்ணீர் இந்த உயரத்திலும் 7.8 மில்லிகிராம் வரை பிடிக்கும். கடல் மட்டத்துக் கடல்நீரைவிட அதிகம். நாம் செய்வது என்ன? தண்ணீரில் உப்பைக் கரைக்கிறோம், ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்குச் சூடாக்குகிறோம், அதை மெல்லிய காற்றுக்கு அடியில் வைக்கிறோம். வெதுவெதுப்பு, உப்பு, உயரம் மூன்றும் சேர்ந்த ஒரு கடல் பூமியில் எங்கேயும் இல்லை. நீமோ மீனின் முன்னோர்கள் யாரும் இப்படி ஒரு தண்ணீரைப் பார்த்ததே கிடையாது.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் 2343 மீட்டர் உயரத்தில் அமைந்ததற்கு இங்கத்திய மெல்லிய, தெளிந்த காற்று ஒரு காரணம். வானியலாளருக்கு லாபமாக இருக்கும் அதே காற்று மீனுக்கு நஷ்டம்.

பெரிய ஸ்கிம்மர் போட்டால் சரியாகிவிடுமா? இல்லை. 5.2 என்பது கூரை. எத்தனை காற்றை ஊதினாலும் அதைத் தாண்ட முடியாது. ஆனால் தொட்டித் தண்ணீர் அந்தக் கூரையை ஒட்டியே இருக்கிறதா, இல்லை இரவில் 4.5-க்கு இறங்கிவிடுகிறதா என்பது நம் கையில் இருக்கிறது. மேலே சொன்ன நிமிடத்துக்கு 30 சதுர மீட்டர் பரப்பு இங்கேதான் வேலைக்கு வருகிறது.

அழுக்கு எடுக்கும் விஷயத்தில் ஸ்கிம்மருக்கு ஓரளவு அதிகமாகவே பெயர் கிடைத்துவிட்டது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியலாளர் கென் ஃபெல்ட்மன் 2009 வாக்கில் பல ஸ்கிம்மர்களை வைத்து அளந்தார். தண்ணீரில் இருக்கும் மொத்தக் கரிமப் பொருளில் அவை எடுத்தது 20 முதல் 30 சதவீதம்தான். விலை கூடின மாடல், குறைந்த மாடல் என்று பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. மீதியை பாக்டீரியாக்களும் கார்பனும் தண்ணீர் மாற்றமும்தான் பார்க்க வேண்டும். காற்றையும் தண்ணீரையும் கலப்பதில் மட்டும், வீட்டுத் தொட்டியில் ஸ்கிம்மருக்கு ஈடான கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

தமிழில் நம் மூச்சு உறுப்புக்குப் பெயரே நுரையீரல். குட்டிக் குட்டிக் காற்றறைகள், அவற்றைச் சுற்றி ஈரம், பெரிய பரப்பு. வடிவத்திலும் அது நுரைதான். மலை மேலே இருக்கும் தொட்டியில் ஸ்கிம்மரை நுரையீரலாக நினைத்துக்கொண்டு ட்யூன் செய்யுங்கள். கீழே வரும் எல்லா முடிவும் இதிலிருந்து வருகிறது.

பொருத்துவது

சம்ப் என்று நான் சொல்வது வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை இல்லை. காட்சித் தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரண்டாவது கண்ணாடித் தொட்டி. ஸ்கிம்மர் அதில்தான் நிற்கும்.

1. புது ஸ்கிம்மரை வெள்ளை வினிகர் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஓடவிட்டுக் கழுவுங்கள். தயாரிப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும். சோப்பு வேண்டாம்.

2. ஸ்கிம்மர் நிற்கும் தண்ணீரின் ஆழத்தைத் தயாரிப்பாளர் சொல்லியிருப்பார், பெரும்பாலும் 16-லிருந்து 22 சென்டிமீட்டருக்குள். சம்ப்பில் தடுப்புக் கண்ணாடி வைத்து அந்த அறையின் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மட்டம் ஒரு சென்டிமீட்டர் மாறினாலே நுரையின் உயரம் மாறிவிடும்.

3. தடுப்பு இல்லாத சம்ப்பில் கொடைக்கானல் குளிர் தன் வேலையைக் காட்டும். தண்ணீர் 24 டிகிரி, ஜனவரி இரவில் அறை 12 டிகிரி. வெந்நீர்ப் பாத்திரத்தில் ஆவி பறக்கிற மாதிரி தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். மிதவை வைத்த தானியங்கி நிரப்பி அவசியம். நிரப்புவது நல்ல தண்ணீர்தான். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே இருக்கிறது.

4. பெட்டியில் '1000 லிட்டர் தொட்டிக்கு' என்று போட்டிருந்தால் பாதியாக எடுத்துக்கொள்வது பழக்கம். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது, மணிக்கு எத்தனை லிட்டர் காற்று இழுக்கிறது என்ற எண். பம்ப் இங்கேயும் கிட்டத்தட்ட அதே லிட்டர் இழுக்கும். ஆனால் அந்த லிட்டருக்குள் இருக்கும் ஆக்சிஜனின் எடை 22 சதவீதம் கம்மி. 200 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 300 லிட்டர் காற்றுக்குக் குறையாமல் பாருங்கள் என்பேன்.

ட்யூன் செய்வது

முதல் சில நாட்கள் ஸ்கிம்மர் சொன்ன பேச்சு கேட்காது. ஒரு நாள் ஒன்றுமே வராது, மறுநாள் பொங்கி வழியும். உள்சுவரில் ஒரு மெல்லிய படலம் படியும் வரை இப்படித்தான். மூன்று நாளிலிருந்து இரண்டு வாரம் வரை ஆகலாம். அதுவரை தண்ணீர் வெளியேறும் வால்வை முழுக்கத் திறந்து, நுரையைத் தாழ்வாக வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

அப்புறம் வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். குமிழ்த் தண்ணீர் முடிந்து நுரை தொடங்கும் எல்லை, கழுத்தின் அடிப்பகுதியில் வந்து நிற்க வேண்டும். ஒரு தடவை திருப்பினால் 24 மணி நேரம் அடுத்ததைத் தொடாதீர்கள். மென்பொருளில் பிழை தேடுவது மாதிரிதான் இதுவும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், முடிவைப் பார்த்துவிட்டு அடுத்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திருகினால் எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போய்விடும். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து தேதி, வால்வு நிலை, கோப்பையின் நிறம் மூன்றும் எழுதுங்கள்.

நிறத்துக்கு நம்மிடம் நல்ல அளவுகோல் இருக்கிறது. கோப்பையில் ஃபில்டர் காபி டிகாஷன் மாதிரி கெட்டியாக, கறுப்பாக வந்தால் 'உலர்' நுரை. லைட் டீ மாதிரி வந்தால் 'ஈர' நுரை. டிகாஷன் நிறம்தான் பார்க்கத் திருப்தியாக இருக்கும். நான் இரண்டுக்கும் நடுவில், டீயைக் கொஞ்சம் ஸ்ட்ராங்காகப் போட்ட நிறத்தில் வைக்கிறேன். கழுத்தில் பிசுக்கு மெதுவாகச் சேரும், கோப்பை சீக்கிரம் நிரம்பும். போகும் உப்புத் தண்ணீரைக் கணக்கு வைத்து ஈடுகட்டிவிடலாம்.

முக்கியமான விதி ஒன்று: நுரையின் உயரத்தைத் தண்ணீர் வால்வால் மட்டும் சரிசெய்யுங்கள், காற்று வால்வால் வேண்டாம். சத்தம் குறையட்டும், நுரை அடங்கட்டும் என்று பலர் காற்றை நெரிப்பார்கள். கடற்கரை ஊரில் அது பெரிய பாதகம் இல்லை. இங்கே அது தூங்குகிறவர் முகத்தில் தலையணையை வைப்பது மாதிரி. காற்று வால்வு எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கட்டும்.

நுரை திடீரென்று காணாமல் போனால் பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய் தடவின கையைத் தொட்டியில் விட்டிருப்பீர்கள், அல்லது எண்ணெய்ச் சத்துள்ள தீனி போட்டிருப்பீர்கள். எண்ணெய் நுரையைக் கொல்லும். சில மணி நேரத்தில் தானாகத் திரும்பிவிடும். மாறாக நுரை பொங்கி வழிந்தால், புது மருந்தோ தண்ணீர் சுத்திகரிப்புத் திரவமோ சேர்த்தீர்களா என்று பாருங்கள். கழுத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

காற்றை அளக்க ஒரு பிளாஸ்டிக் பை

காற்றுக் குழாயின் வாயில், தண்ணீரும் காற்றும் சேரும் இடத்தில், உப்பு மெதுவாகப் படியும். காற்று 20 சதவீதம் குறைந்தாலும் நுரை பார்வைக்கு அப்படியே இருக்கும். கோப்பையும் நிரம்பிக்கொண்டே இருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

மீட்டர் வாங்காமல் அளக்க வழி உண்டு. ஓட்டையில்லாத ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி அளந்து, 4 லிட்டர் பிடிக்கும் இடத்தில் குறி போடுங்கள். காயவைத்து, குறி வரை காற்று நிரப்பி, ஸ்கிம்மரின் காற்றுக் குழாயில் ரப்பர் பேண்டால் கட்டுங்கள். பை முழுக்கச் சுருங்க எத்தனை விநாடி? 36 விநாடி என்றால் மணிக்கு 400 லிட்டர். 48 என்றால் 300. புதிதாக இருக்கும்போது ஒரு தடவை அளந்து நோட்டில் எழுதிவிடுங்கள். பிறகு வாரம் ஒரு தடவை. நேரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால், குழாய் வழியாக அரை டம்ளர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரை உறிஞ்சவிடுங்கள், உப்பு கரைந்துவிடும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை பம்ப்பை வினிகரில் ஊறவையுங்கள்.

ஆக்சிஜன் மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சதவீதக் கணக்கில் பார்த்தால் இங்கேயும் அது ஜம்மென்று '100' காட்டலாம். அது 5.2-ன் 100 சதவீதம். மீட்டரில் காற்றழுத்தத்தை 785 என்று கொடுத்துவிட்டு, மில்லிகிராம் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஜன்னலுக்கு வெளியே குழாய்

இங்கே குளிருக்கு பயந்து மாலை ஐந்தரைக்கே ஜன்னலைச் சாத்திவிடுவோம். நாலு பேர் மூச்சு விடும் மூடிய அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். ஸ்கிம்மர் அந்தக் காற்றையே தண்ணீரில் கரைக்கும், தண்ணீரின் பி.ஹெச் இறங்கும். மெல்லிய ரப்பர் குழாயை ஜன்னல் சட்டத்தின் வழியாக வெளியே விட்டு, வெளிக்காற்றை இழுக்கவைத்தால் இது சரியாகும்.

இந்த ஒரு இடத்தில் உயரம் நமக்கு உதவுகிறது. ஆக்சிஜனைப் போலவே கார்பன் டை ஆக்சைடின் அழுத்தமும் இங்கே 22 சதவீதம் குறைவு. வெளிக்காற்றோடு சமநிலைக்கு வந்த கடல்நீரின் பி.ஹெச், கடல் மட்டத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 0.1 கூடுதலாக இருக்கும். பி.ஹெச் கூட்ட ரசாயனம் வாங்குவதற்கு முன்னால் ஒரு மீட்டர் குழாய் வாங்கிப் பாருங்கள். குழாயின் வாய் விறகு அடுப்புப் புகை, குப்பை எரிக்கும் இடம், கொசு மருந்து இவற்றுக்கு எதிர்ப் பக்கம் இருக்கட்டும். மழைத் தண்ணீர் இறங்காதபடி நுனியைக் கீழ்நோக்கி வளைத்து ஒரு துணி வலை கட்டிவிடுங்கள். குழாய் ரொம்ப நீளமாகவோ ஒல்லியாகவோ இருந்தால் காற்று குறையும். பிளாஸ்டிக் பை சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கரண்ட் போனால்

மலையில் மழைக்காலம் என்றால் மரம் விழும், கம்பி அறும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையையும் தாண்டிப் போனபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. கையிருப்புப் பாதியாக இருப்பதன் உண்மையான அர்த்தம் அந்த மாதிரி இரவில்தான் தெரியும்.

ஒரு கணக்குக்காக, 200 லிட்டர் தொட்டியில் மீனும் நத்தையும் பாக்டீரியாவும் சேர்ந்து மணிக்கு 40 மில்லிகிராம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன என்று வைப்போம். பம்ப் எல்லாம் நின்று, மேல்பரப்பு வழியாகவும் எதுவும் வராத மோசமான நிலை. கடல் மட்டத்தில் 6.7-லிருந்து 4-க்கு இறங்க பதிமூன்றரை மணி நேரம். இங்கே 6 மணி நேரம். மேல்பரப்பு கொஞ்சம் கொடுக்கும் என்பதால் உண்மையில் இரண்டுமே நீளும். ஆனால் நமக்குக் கிடைக்கும் நேரம் குறைவு என்பது மாறாது. ராத்திரி பத்து மணிக்குக் கரண்ட் போனால் கடற்கரைக்காரர் காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம். நாம் அப்படித் தூங்க முடியாது.

இன்வெர்ட்டர் இருந்தால் எதற்கு முதலிடம்? 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியைப் பயன்படுத்தினால் 900 வாட்-மணி. ஸ்கிம்மர் 12 வாட், சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் பம்ப் 20 வாட், இன்வெர்ட்டரே சாப்பிடுவது 15 வாட் என்று வைத்தால் 19 மணி நேரம் ஓடும். 150 வாட் ஹீட்டரைச் சேர்த்து, அது பாதி நேரம் எரிந்தாலே 7 மணி நேரமாகச் சுருங்கிவிடும். ஆகவே முதலில் ஹீட்டரைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீர் மெல்லக் குளிர்வது அந்த நேரத்தில் உதவிதான். குளிர்ந்த தண்ணீர் ஆக்சிஜனை அதிகம் பிடிக்கும், மீனும் குறைவாக மூச்சு விடும். தொட்டியின் பக்கங்களில் கம்பளியைச் சுற்றுங்கள், மேல்பக்கம் திறந்திருக்கட்டும். 20 டிகிரியை நெருங்கினால் மட்டும் ஹீட்டருக்குக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

ஸ்கிம்மரை மட்டும் ஓட்டி, மேலே அனுப்பும் பம்ப்பை நிறுத்தினால் பிரயோஜனம் இல்லை. சம்ப்புத் தண்ணீர் சுகமாக மூச்சு விடும், மீன் இருக்கும் தொட்டி திணறும். இன்வெர்ட்டரே இல்லாதவர்கள் பவர் பேங்க்கில் ஓடும் யூ.எஸ்.பி. காற்று பம்ப்பும் ஒரு காற்றுக்கல்லும் வாங்கி, காட்சித் தொட்டியிலேயே போடுங்கள். சில நூறு ரூபாய்தான். ஸ்கிம்மர் வாங்குவதற்கு முன்னாலேயே அது வீட்டில் இருக்க வேண்டும் என்பேன்.

கரண்ட் திரும்பினதும் அவசரப்பட்டுச் சூடாக்க வேண்டாம். 150 வாட் ஹீட்டரால் 200 லிட்டரை 1 டிகிரி ஏற்றவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வேகம் மீனுக்குச் சரியானதுதான்.

உங்கள் ஊருக்கு

25 டிகிரி கடல்நீருக்கு நான் கணக்குப் போட்ட கூரை எண்கள், லிட்டருக்கு மில்லிகிராமில்:

சென்னை, கொழும்பு போன்ற கடற்கரை ஊர்கள்: 6.7
பெங்களூரு, சுமார் 900 மீட்டர்: 6.0
ஏற்காடு, சுமார் 1500 மீட்டர்: 5.6
கொடைக்கானல், சுமார் 2100 மீட்டர்: 5.2
ஊட்டி, சுமார் 2240 மீட்டர்: 5.1

உங்கள் எண்ணிலிருந்து 4-ஐக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் மீனின் சேமிப்பு. அது 2-க்கு மேலே இருந்தால் வழக்கமான வழிகாட்டிகள் சொல்கிறபடி, டிகாஷன் நிறத்துக்கு ட்யூன் செய்துகொண்டு நிம்மதியாக இருக்கலாம். அதற்குக் கீழே என்றால் மீனைக் குறைவாக வையுங்கள், தண்ணீரை 24 டிகிரியில் வையுங்கள், காற்று வால்வைத் தொடாதீர்கள், வாரம் ஒரு தடவை அந்த பிளாஸ்டிக் பையைக் கட்டி விநாடியை எண்ணுங்கள். என் நோட்டில் இந்த வாரம் 39 விநாடி. 43-ஐத் தாண்டினால் கழுவிவிட வேண்டும்.